பாடியவர் பெயரோடு பகிருங்கள்
புதிய பாடகர்களை அறிய, இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பதிவிறக்கிக் கேட்பதே நல்ல வழி என்று, அது பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் கூறுவதை ஏற்கிறேன். ஆனால், உரிமையாளரின் அனுமதி அதற்குத் தேவை என்பதை அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுகளுக்கு 60 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது. பிறர் பகிர்வதற்குப் படைத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவற்றை, படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டு, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தயக்கமின்றிப் பகிரலாம். எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியில், செய்யாறு அருகிலுள்ள புரிசை போன்ற ஊர்களில் விடிய விடியப் பாடும் தெருக்கூத்துக் கலைஞர்களின் குரல்கள், கைபேசியில் பதிவாகி, பெயரும் ஊரும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதைக் கேட்டு மகிழும் வேலூர் இளைஞர் ஒருவர், தம் ஊர்த் திருவிழாவுக்கு அவர்களை அழைக்க விரும்பினால், யாரைத் தேடிப் போவார்? பதிவு செய்வோர் முதலில் கலைஞர்களிடம் அனுமதி பெற்று, குழுவின் பெயரையும் ஊரையும் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.