ரைட் சொல்லத் தெரிந்தவருக்கு ஏற்புரை

(மதுரை மாட்டுத்தாவணி. டவுன் பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கிறது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடை பெஞ்சில். கண்டக்டருக்கு இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு.)

டிரைவர்: என்ன அண்ணே, டீயில் ஆடை படிந்துவிட்டது. வீட்டில் ஏதும் பிரச்சினையா?

கண்டக்டர்: பிரிவு உபசார விழா வைக்கிறார்களாம் தம்பி. மாலை, பொன்னாடை எல்லாம் சரி. கடைசியில் ஏற்புரை என்று என் பேரைப் போட்டுவிட்டார்கள்.

டிரைவர்: அதற்கென்ன? "உள்ளே போ, உள்ளே போ" என்று நீங்கள் ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் லாரியே ஒதுங்குமே!

கண்டக்டர்: அது வேறு. பஸ்ஸில் என்னை யார் பார்க்கிறார்கள்? மீதிச் சில்லறையைத்தான் பார்ப்பார்கள். மேடையில் முந்நூறு கண்ணும் என் மூஞ்சியில் இருக்கும். மைக்கை நினைத்தாலே வாய் காய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

டிரைவர்: அதெல்லாம் அட்ரினலின் என்கிற ஹார்மோன் செய்கிற வேலை. என் பொண்ணு காலேஜில் உளவியல் படிக்கிறாள் இல்லையா, அவள் சொன்னாள். ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால், சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிவிடுமாம்.

கண்டக்டர்: என் உடம்பு ஓடுவதற்குத்தான் தயாராக இருக்கிறது. அன்றைக்கு லீவு போட்டுவிடட்டுமா?

டிரைவர்: உங்கள் விழாவுக்கு நீங்களே லீவா? மூச்சை மெதுவாக இழுங்கள். இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். விடும்போது இதயத் துடிப்பு குறையும்.

(கண்டக்டர் விடுகிறார். வாயில் விசில் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வண்டி கிளம்பிவிடுகிறது. அதன் கண்டக்டர் பாதி வடையோடு பின்னால் ஓடுகிறார்.)

டிரைவர்: முதலில் அந்த விசிலைக் கழற்றுங்கள்! சரி, பையிலிருந்து ஒரு நோட்டை எடுங்கள். இது யார்?

கண்டக்டர்: நூறு ரூபாய்.

டிரைவர்: நோட்டில் இருக்கிறவர் அண்ணே!

கண்டக்டர்: ஓ, காந்தி.

டிரைவர்: லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த மனிதர். பம்பாய் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றிவிட்டது. சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்க வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் பீஸையும் திருப்பிக் கொடுத்தார். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

கண்டக்டர்: உடனே கொடுத்தாரா, டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து "இறங்கும்போது வாங்கிக்கோ" என்றாரா?

டிரைவர்: விளையாடாதீர்கள்.

கண்டக்டர்: இல்லை தம்பி, என் கை நடுங்குவதைப் பார்த்து டிப்போவே சிரிக்கும்.

டிரைவர்: அவ்வளவாகத் தெரியாது. 2003இல் அமெரிக்காவில் இரண்டு பேர் இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பேசுகிறவர் நினைக்கிற அளவுக்கு அவர் பதற்றம் கேட்கிறவருக்குத் தெரிவதில்லையாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேடை ஏறியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்களாம்.

கண்டக்டர்: கை தெரியாது, சரி. கையில் இருக்கிற பேப்பர் ஆடுமே?

டிரைவர்: மெல்லிசுத் தாள் ஆடத்தான் செய்யும். டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸ் தாளை வைப்பீர்களே, அந்த அட்டையில் வைத்துப் பிடியுங்கள். முதல் இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். எங்கே, இங்கேயே ஒரு தடவை பேசுங்கள்.

கண்டக்டர்: (எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு) பெருமதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கத் தலைவர்களே! பின்னால் நிற்கும் நண்பர்களே, முன்னால் இடம் காலியாகத்தான் இருக்கிறது, அப்படியே நகர்ந்து வாருங்கள், படியில் நிற்காதீர்கள்...

(டீ மாஸ்டர் கை தட்டுகிறார். ஓரமாக நின்ற இரண்டு பேர் நிஜமாகவே முன்னால் நகர்கிறார்கள்.)

டிரைவர்: பார்த்தீர்களா, கூட்டம் நீங்கள் சொன்னபடி கேட்கிறது!

கண்டக்டர்: நல்லவேளை நீ இருந்தாய். அப்புறம், நீ என்ன பேசப் போகிறாய்?

டிரைவர்: நானா? நான் எதற்கு?

கண்டக்டர்: அழைப்பிதழைப் பார்க்கவில்லையா? வாழ்த்துரை, உன் பேர்தான். இந்தா.

(டிரைவர் வாங்கிப் படிக்கிறார். அழைப்பிதழ் படபடவென்று ஆடுகிறது. காற்றே இல்லை.)

கண்டக்டர்: அட்டை வேண்டுமா தம்பி?

டிரைவர்: அன்றைக்கு எனக்கு நைட் டியூட்டி அண்ணே.

கண்டக்டர்: விழா காலை பத்து மணிக்கு.

டிரைவர்: ஏறுங்கள், வண்டியை எடுப்போம்.

கண்டக்டர்: இன்னும் நேரம் இருக்கிறதே. டைம் கீப்பர் கேட்டால் என்ன சொல்வது?

டிரைவர்: அவரிடம் நீங்களே பேசிவிடுங்கள்.