ஃபார்மேட் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

"பென்டிரைவை கம்ப்யூட்டர் காட்டவில்லை என்றால் ஃபார்மேட் அடித்தால்தான் சரியாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபார்மேட் என்றால் டிரைவில் இருப்பதை அழித்துப் புதிதாக்குவது. உள்ளே கல்யாணப் போட்டோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டரின் கண்ணிலேயே படாத ஒன்றை எப்படி ஃபார்மேட் செய்வது என்பது வேறு கேள்வி.

முதலில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட். எங்கள் வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் முன்பக்கப் போர்ட்டின் தகடுகள் பச்சை பிடித்துக் கிடந்தன. அது தெரியாமல் ஒரு வாரம் பென்டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

ஹார்ட் டிஸ்க் என்றால் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மூன்று நான்கு சாமான்களோடு செருகினால் டிஸ்க் சுழலவே திணறும். போனை இணைப்பவர்கள் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது.

அப்புறம் விண்டோஸில், இணைத்த டிஸ்க்குகளையெல்லாம் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே டிரைவ் சரியான அளவோடு தெரிந்து, டிரைவ் லெட்டர் (E:, F: போன்ற எழுத்து) மட்டும் இல்லையென்றால் ரைட் கிளிக் செய்து ஒன்றைக் கொடுங்கள், ஃபைல் எதுவும் போகாது. 'ரா' (RAW) என்று காட்டினால்தான் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அமைப்பு, கெட்டிருக்க வாய்ப்பு. ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டாலும் கேன்சல் கொடுத்துவிட்டு, ரெக்கவரி மென்பொருளால் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஃபார்மேட் அடித்துக்கொள்ளலாம்.