நட்டால் மட்டும் போதுமா?

ருகுணு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜயதிஸ்ஸவின் கண்டல் (கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) ஆய்வு வாழ்க்கை பற்றிய கட்டுரையை வாசித்தேன். நல்லது. ஆனால் 2017இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்ததில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழைகளைப் போய் எண்ணிப் பார்ப்பதும் விஞ்ஞானம்தானே.

எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் நானும் நட்டிருக்கிறேன். முருங்கைக்காய் போல நீண்ட கண்டல் நாற்றைப் பொறுக்கிச் சேற்றில் குத்தினால் சரி, வேலை முடிந்தது, படமும் எடுத்தாயிற்று. அப்புறம் மாரி வந்தது. கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டும்வரை வாவி ஏறிக்கொண்டே போனது, கன்றுகள் நாட்கணக்கில் தண்ணீருக்குள். தப்பினதை மாடு மிதித்தது. அடுத்த வருஷம் வெறும் குச்சிகள், அதில் சிப்பி ஒட்டியிருந்தது.

பக்கத்திலேயே, யாரும் நடாத மேட்டில், கண்ணா என்கிற இன்னொரு வகைக் கண்டல் தானாக முளைத்து நிற்கிறது. எந்த மட்டத்தில் எந்த மரம் என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. வலை வீசப் போகிற பெரியவர் ஒருவர் மட்டும், “தம்பி, இது தண்ணி நிக்கிற இடம்” என்றார். கேட்கவில்லை.