ஒம்பது டிகிரி அத்தான்

(இடம்: படுவான்கரைப் பக்கம், பெரும்போகம் வெட்டி மாடு விட்டிருக்கிற வயல். மட்டக்களப்புல கோல்ஃப் மைதானம் எண்டு ஒண்டு இல்ல, கிட்ட வேணுமெண்டா திருகோணமலை சீனக்குடாவுல விமானப்படைக்காரர்ட மைதானம் கிடக்கு, பெற்றோல் விக்கிற விலைக்கு ஆர் போற. அத்தான் வங்கியில பென்சன் எடுத்தவர், நுவரெலியாவுல வேலை செய்யக்குள்ள கோல்ஃப் பழகினவர். மச்சான் கல்லடியில ஹார்ட்வெயார் கட வைச்சிருக்கார், அத்தான்ட்ட பழகி இப்ப அத்தானுக்கே பாடம் எடுக்கிற கட்டத்துக்கு வந்துட்டார். அத்தான் புது டிரைவரால, அதான் தூரத்துக்கு அடிக்கிற பெரிய கோல்ஃப் மட்டையால, ஒண்டு விட்டிருக்கார். மட்டைக்கு இவங்கட பேச்சுல கிளப்.)

மச்சான்: போச்சு.

அத்தான்: எங்க போச்சு? நல்லாத்தானே கிளம்பின.

மச்சான்: கிளம்பினது நல்லாத்தான் கிளம்பின, பாதி வழியில தெற்கால கிறுகிட்டு. மடுவுக்குள்ள கிடந்த எரும ஒண்டு தலைய தூக்கிப் பாத்துட்டு திரும்பப் படுத்திட்டு, அதுக்கும் பழகிட்டு போல.

அத்தான்: காத்து மச்சான். இந்தக் கச்சான் காத்து ஒரு விசர்க் காத்து.

மச்சான்: காத்து நம்மட முதுகுல அடிக்கி அத்தான், நாம அடிக்கிறது கிழக்கால. பின்னால இருந்து தள்ளுற காத்து என்னெண்டு பந்த தெற்கால கூட்டிட்டுப் போகும்?

அத்தான்: அப்ப டிரைவர்லதான் பிழை. ஒண்டே முக்கால் லட்சம் குடுத்த சாமான், கொழும்புல இருந்து பஸ்ஸுல அதுக்கும் ஒரு சீட்டு எடுத்து இருத்திக் கொண்டு வந்தன்.

மச்சான்: ஒண்டே முக்காலா! தாங்க பாப்பம். (அடியில கிடக்கிற எழுத்த வாசிச்சு) முகத்திட சரிவு ஒம்பது டிகிரி. ஷாப்ட் ஸ்டிஃப், லேசுல வளையாத தண்டு. ஆர் அத்தான் உங்களுக்கு இத எடுக்கச் சொன்ன?

அத்தான்: ஆர் சொல்லணும், எனக்குத் தெரியாதா. டிகிரி குறையக் குறைய தூரம் கூடும். கடப் பொடியன் பத்தரை எடுங்க ஐயா எண்டான், நான் விடல்ல. பத்தரை எல்லாம் வயசு போனாக்களுக்கு.

மச்சான்: நீங்க பென்சன் எடுத்து எத்தின வருசம்?

அத்தான்: அத விடு.

மச்சான்: இல்ல அத்தான், ஒம்பது எண்டுறது கையில வேகம் இருக்கிறவனுக்கு. மணிக்கு தொண்ணூறு மைல், தொண்ணூத்தஞ்சு மைலுக்கு மேல கிளப் தலை வந்து பந்தில படணும், ஸ்டிஃப் ஷாப்ட்டும் அப்பிடித்தான். வேகம் இல்லாதவன் ஒம்பதால அடிச்சா பந்து எழும்பாது, எழும்பாட்டி காத்துல நிக்காது, டொப்பெண்டு விழுந்துரும். வீட்டுல ஹோஸ் பைப்ப நிலத்தோட பதிச்சுப் பிடிச்சா தண்ணி காலடியில விழும், சொட்டு தூக்கினாத்தானே மாமரத்தடிக்குப் போகும், அந்தக் கததான். டிவியில வாற பொடியனுகள் நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு மைலுல வீசுறானுகள், நாம அவனுகளப் பாத்து சாமான் வாங்குறம்.

அத்தான்: நான் நுவரெலியாவுல இருநூத்தி அம்பது யார்ட் அடிச்ச ஆள்கா.

மச்சான்: வந்துட்டு. இருநூத்தி அம்பது வந்துட்டு.

அத்தான்: ஏன், பொய்யா? 1889ல வெள்ளக்காரன் தொடங்கின கோல்ஃப் சங்கம், அவடத்த நிண்டு அடிச்சன், நாலு பேர் பாத்த.

மச்சான்: பொய் எண்டு நான் சொல்லல்ல. ஆனா அது ஆறாயிரம் அடிக்கு மேல கிடக்கிற ஊர், காத்து மெல்லிசு, பந்த பிடிச்சு இழுக்க காத்து இல்ல, சும்மாவே கூடத்தான் போகும். நம்மட வயல் கடல் மட்டத்தோட கிடக்கு.

அத்தான்: அங்க குளிர் எண்டு ஒண்டும் இருக்கே, குளிர் காத்து தடிப்பு.

மச்சான்: அதையும் விட்டுட்டுப் பாத்தாலும் ஒரு ஆறு வீதம் கழியுங்க.

அத்தான்: (வங்கிக்காரர் முழிச்சுக்கொண்டார்) இருநூத்தி அம்பதுல ஆறு வீதம் பதினஞ்சு. இருநூத்தி முப்பத்தஞ்சு. அதுவும் வடிவான இலக்கம்தானே.

மச்சான்: அந்த அம்பத ஆர் அளந்த?

அத்தான்: கேடி, பாக் தூக்கி வாற பொடியன்.

மச்சான்: கேடிக்கு டிப்ஸ் எவ்வளவு குடுத்தீங்க?

அத்தான்: அந்த நேரம் ஒரு நூறு ரூபா.

மச்சான்: அப்ப அதுக்கும் ஒரு இருவது யார்ட் கழியுங்க.

(அத்தான் பதில் சொல்லாம அடுத்த பந்த வைக்கிறார். காஞ்ச வயல், பந்த ஏத்தி வைக்கிற மரக் குச்சி, டீ எண்டுறது, இறங்காது, அதால கடையில இருந்து வெட்டிக் கொண்டு வந்த அரை இஞ்சி பிவிசி பைப் துண்டுதான் டீ, அதுக்கு மேல பந்து வடிவா இருக்கும். இது மச்சான்ட கண்டுபிடிப்பு, ஆள் இதப்பத்தி எல்லாருக்கும் சொல்லுவார்.)

மச்சான்: பைப்ப ஏன் இவ்வளவு பதிச்சு வைக்கிறீங்க? டிரைவர நிலத்துல வைச்சுப் பாருங்க, தலையிட மேல் விளிம்புக்கு மேல பாதிப் பந்து தெரியணும். இத மற்றக் கிளப் மாதிரி கீழ குத்த ஏலா, மேல எழும்பி வரக்குள்ள படணும். பந்தும் இடது குதிக்காலுக்கு நேர இருக்கணும், நீங்க நடு வவுத்துக்கு நேர வைச்சிருக்கிறீங்க.

அத்தான்: வவுறு அவ்வளவு முன்னுக்கு நிக்கிறது என்ட பிழையா? சரி, தலை இவ்வளவு பெரிசா கிடக்கே, எங்க பட்டாலும் போகும் எண்டுதானே விளம்பரத்துல சொல்றான்.

மச்சான்: 460 சிசி, அதுக்கு மேல விதி விடாது. முந்தி மரத் தலை, மறுகா 1979ல டெய்லர்மேட் கொம்பனிக்காரன் இரும்புத் தலை கொண்டு வந்தான், 1991ல கலவே கொம்பனிக்காரன் பிக் பெர்த்தா எண்டு ஒண்டு விட்டான், அது 190 சிசி, அதையே அப்ப ஆக்கள் பூதம் எண்ட மாதிரித்தான் பாத்த. இப்ப அதுபோல ரெண்டர மடங்கு.

அத்தான்: என்ட மோட்டர் சைக்கிளே நூத்தி இருவத்தஞ்சு சிசிதான்.

மச்சான்: எவ்வளவு பெரிசெண்டாலும் நடுவுல பட்டாத்தான் அத்தான் போகும், ஓரத்துல பட்டா கொஞ்சம் மன்னிக்கும், அவ்வளவுதான். நீங்க எங்க அடிக்கிறீங்க எண்டு பாப்பமா? டிரைவர்ட முகத்துல பவுடர் பூசி அடிச்சா பந்து பட்ட இடம் வட்டமா தெரியும்.

அத்தான்: பவுடருக்கு எங்க போற? (சட்டப் பையத் தடவி) திருநீறு கிடக்கு.

மச்சான்: சாமி குத்தம் அத்தான்! பாக்ல அக்காட பவுடர் டின் எடுத்து வைச்சிருக்கன்.

அத்தான்: அடப்பாவி, அவ காலத்தால இருந்து தேடுறா. வேலக்காரப் புள்ளய வேற பேசினவ.

(பூசுறாங்க. அத்தான் அடிக்கிறார், தெற்கால. துடைச்சுப் பூசி இன்னொண்டு, தெற்கால. இன்னொண்டு. மூண்டு தரமும் வட்டம் ஒரே இடத்துல, ஷாப்ட் இறங்குற கழுத்துப் பக்கம், முகத்திட நடுவுல அக்காட பவுடர் ஒரு துளி கலையாம வெள்ளையா கிடக்கு.)

மச்சான்: பாத்தீங்களா? ஒண்டே முக்கால் லட்சத்துல நடு முகம் இன்னும் பாவிக்கவே இல்ல. நாளைக்கு வித்தாலும் புதுசு எண்டு விக்கலாம்.

அத்தான்: கழுத்துல பட்டா என்ன?

மச்சான்: கழுத்துல பட்டா தலை கிறுகும், அந்தக் கிறுகல் பந்துக்கு வலது பக்கச் சுழட்டு குடுக்கும். அதுக்கு மேல முகமும் திறந்து வருது. இன்னொண்டு சொன்னா கோவிப்பீங்க.

அத்தான்: இனி என்னத்துக்குக் கோவிக்க, சொல்லு.

மச்சான்: மடுவுக்குப் பயத்துல நீங்க வடக்கால பாத்துத் திரும்பி நிக்கிறீங்க. வடக்கால திரும்பத் திரும்ப கிளப் வெளிய இருந்து உள்ளுக்கு வெட்டி வருது, வெட்டினா சுழட்டு இன்னும் கூடும், கூடினா நீங்க இன்னும் வடக்கால திரும்புறீங்க. இப்பிடியே போனா அடுத்த மாசம் வாழைச்சேனையப் பாத்து நிண்டு கொக்கட்டிச்சோலைக்கு அடிப்பீங்க.

அத்தான்: நீளம் கூடின ஷாப்ட் போட்டா சரிவருமா? நாப்பத்தாறு இஞ்சி வரைக்கும் எடுக்கலாமாம்.

மச்சான்: விதிப் புத்தகத்துல நாப்பத்தெட்டு, 2022ல இருந்து பெரிய போட்டிகள்ல நாப்பத்தாறு எண்டு கட்டுப்படுத்தலாம் எண்டு வைச்சாங்க. ஆனா அது நமக்கு என்னத்துக்கு? டைகர் வூட்ஸ் 2000ல அமெரிக்க ஓபன பதினஞ்சு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல வெண்டாரே, அவர்ட டிரைவர் நாப்பத்தி மூண்டர இஞ்சி, அதுவும் இரும்பு ஷாப்ட். அவருக்கே அது காணுமெண்டா உங்களுக்கு நாப்பத்தஞ்சர என்னத்துக்கு? ஒரு இஞ்சி கீழ இறக்கிப் பிடிங்க, செலவில்ல.

அத்தான்: முகம் விதிய விட கூட துள்ளுதோ தெரியா எண்டும் ஒரு யோசன. பெரிய ஆட்டக்காரன் ரோரி மக்கல்ராய்ட டிரைவரயே ஒருக்கா ஒதுக்கிப் போட்டாங்கதானே.

மச்சான்: அது 2025 பிஜிஏ சம்பியன்ஷிப்ல. அடிக்க அடிக்க முகம் மெலிஞ்சு துள்ளல் கூடிரும், அளந்து பாத்து இது ஏலா எண்டுட்டாங்க. அவர் நடுவுல ஆயிரக்கணக்குல அடிச்சுத் தேய்ச்சவர் அத்தான். நீங்க தேய்ச்சா கழுத்துத்தான் தேயும்.

(கொஞ்ச நேரம் பேச்சில்ல. மச்சான் டிரைவர வாங்கி, துடைச்சு, வெயில்ல பிடிச்சு, பிடியத் தடவிப் பாக்கிறார். இந்த இடத்துலதான் அத்தானுக்குச் சந்தேகம் வந்திருக்கணும், வரல்ல.)

மச்சான்: உண்மையா சொன்னா இது உங்களுக்குப் பொருந்தாத சாமான் அத்தான். மனசுக்குக் கஷ்டமாத்தான் கிடக்கு. நான் வேணுமெண்டா ஒரு எழுபதாயிரத்துக்கு எடுக்கிறன், நீங்க அந்தக் காசுல நல்ல பத்தர டிகிரி ரெகுலர் ஷாப்ட் ஒண்டு பாவிச்சது எடுக்கலாம்.

அத்தான்: உனக்கு மட்டும் ஒம்பது பொருந்துமா? உன்ட கையில என்ன புயலா?

மச்சான்: நான் கிறுக்கிப் பத்தர ஆக்குவன்.

அத்தான்: என்னத்தக் கிறுக்குவ?

மச்சான்: (சொல்லிட்டு நாக்கக் கடிக்கிறார்) அது... கழுத்தடியில ஒரு ஆணி...

அத்தான்: சொல்லுகா.

மச்சான்: ஆணியக் கழட்டி, அந்த வளையத்த கிறுக்கி மாட்டினா லொஃப்ட், அந்தச் சரிவு, ஒண்டர டிகிரி கூடும். கூடக்குள்ள முகமும் சொட்டு இடது பக்கமா மூடும்.

அத்தான்: மூடினா?

மச்சான்: (மெதுவா) வலது பக்கம் போறது குறையும்.

அத்தான்: அப்ப பெட்டிக்குள்ள இந்தச் சாவி இதுக்கா வந்த? நான் ஏதோ இனாமாக்கும் எண்டு சைக்கிள் சீட்டுக்குப் பாவிச்சன்!

மச்சான்: போட்டி நடக்கக்குள்ள கிறுக்க விதி விடாது அத்தான்.

அத்தான்: இங்க எருமதானே நடுவர்.

(அத்தான் சாவியப் போட்டு, கடக் கடக்கெண்டு சத்தம் வருமட்டும் கிறுக்கி, பந்த இடது குதிக்காலுக்கு நேர வைச்சு, பைப்ப உசத்தி, ஒரு இஞ்சி இறக்கிப் பிடிச்சு, வடக்கால திரும்பாம நேர நிண்டு ஒண்டு விடுறார். பந்து எழும்பி, நேர கிழக்கால, ரெண்டு வரம்பு தாண்டி விழுது. பவுடர்ல வட்டம் நடுவுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி.)

மச்சான்: எம்பது தாறன்.

அத்தான்: வித்தா எவ்வளவுக்கு விக்கலாம் எண்டு நினைக்கிற?

மச்சான்: தொண்ணூறு, அதுக்கு மேல கட தாங்காது. கழுத்தெல்லாம் கீறல் அத்தான்.

அத்தான்: நடு முகம் புதுசு எண்டு நீதானே சொன்ன. ஒண்டே முக்காலுக்கு எடுத்த, இப்ப செட் பண்ணியும் கிடக்கு. ரெண்டு லட்சம்.

மச்சான்: செட் பண்ண வழி சொன்னது நான்!

அத்தான்: அதுக்காகத்தான்கா, வெளியாளெண்டா ரெண்டு, உனக்கு ஒண்டு தொண்ணூறு.