மதிய இடைவேளையில் படிக்கும் பிள்ளைகள்

போன வாரம் நண்பர் ஒருவர் இங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்திருந்தார். தெருவில் பையன்கள் குச்சியை வாளாகப் பிடித்து, முகத்தைக் கோணிக்கொண்டு சாமுராய்ச் சண்டை போடுகிறார்கள். மேலே ஒரு வரி: "ஒன்றுமே இல்லாத காலத்தில் எத்தனை மகிழ்ச்சி!" கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள். யார் எடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் இல்லை. ஜப்பானியப் புகைப்படக்காரர் டோமோன் கென் 1955இல் டோக்கியோவில் எடுத்த படம் அது. நல்ல படம்தான். மேலே இருந்த அந்த வரிதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டோமோன் லேசுப்பட்ட ஆள் இல்லை. போர் முடிந்த சில ஆண்டுகளில், 1950 வாக்கில், ஒரு புகைப்பட மாத இதழின் வாசகர் போட்டிக்கு நடுவராக அமர்ந்தார். ஜோடனை துளியும் கூடாது, கண்முன் நடப்பதை நடக்கிறபடியே எடு என்று நாடு முழுக்க இருந்த பொழுதுபோக்குப் படக்காரர்களை விரட்டினார். அவர்களும் எடுத்து அனுப்பினார்கள். தெருவில் படுத்திருப்பவர்கள், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் என்று படங்கள் குவிந்தன. "பிச்சைக்காரப் படங்கள்" என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. அந்தக் கேலியில் பாதி நியாயம் உண்டு என்பேன். படுத்திருப்பவர் எழுந்து வந்து நம் கையைப் பிடிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எடுக்கிற படங்கள் நிறைய. நானும் எடுத்திருக்கிறேன். கட்டுமான வேலை நடக்கும் இடத்தில், மணல் மேட்டில் விளையாடிய ஒரு சிறுமியை. பரிசும் வாங்கினேன். அவள் பெயரைக் கேட்கவில்லை.

அதே நேரத்தில் ஜப்பான் எழுந்துகொண்டிருந்தது. 1956இல் அரசின் பொருளாதார வெள்ளை அறிக்கை, 'இனி இது போருக்குப் பிந்தைய காலம் அல்ல' என்று எழுதியது. அந்த வாக்கியம் வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி மூன்றையும் அரச குலத்தின் மூன்று புனிதச் செல்வங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கமானது. 1960இல் பிரதமர் இகேடா, பத்தாண்டுகளில் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்று திட்டமே அறிவித்தார். கேமராவும் இந்தக் கதையில் உண்டு. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு ஒளியியல் கருவிகள் செய்த நிறுவனம்தான் பிறகு நிக்கான் கேமராவைச் செய்து உலகத்துக்கு விற்றது.

இந்த எழுச்சியின் முதல் விறகு நிலக்கரி. 1947 வாக்கில் கையில் இருந்த கொஞ்ச வளத்தையும் அரசு நிலக்கரிக்கும் எஃகுக்கும் திருப்பிவிட்டது. சுரங்கத்திலிருந்து கரி எஃகு ஆலைக்கு, ஆலையிலிருந்து எஃகு மறுபடி சுரங்கத்துக்கு. நாடே பட்டினியாகக் கிடந்தபோது சுரங்கத் தொழிலாளிக்கு மட்டும் ரேஷனில் கூடுதல் அரிசி கொடுத்தார்கள். பிறகு மலிவான எண்ணெய் வந்தது. கியூஷூ தீவின் சிக்குஹோ வட்டாரத்தில் சிறு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெளியேற வழியில்லாத குடும்பங்கள் கம்பெனிக் குடியிருப்புகளிலேயே தங்கிவிட்டன.

1959 டிசம்பரில் டோமோன் அங்கே போனார். இரண்டு வாரம் போல இருந்து எடுத்தார். கழிவுக் கல் மலையில் மிச்சக் கரி பொறுக்கும் பிள்ளைகள், இடிந்த வீடுகள், தாய் இல்லாமல் தகப்பனோடு வாழ்ந்த அக்கா தங்கை இருவர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே 'சிக்குஹோவின் குழந்தைகள்' புத்தகமாக வந்துவிட்டது. அதில் ஒரு படத்தை என்னால் கடந்து போகவே முடிவதில்லை. வகுப்பறை, மதிய உணவு நேரம். சில பிள்ளைகள் குனிந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே வேறு சிலர் படப்புத்தகத்தை விரித்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாடு கொண்டுவராதவர்கள்.

இப்போது அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். என்ன தெரிகிறது? அமைதியான வகுப்பறை. சோற்று நேரத்திலும் படிக்கிற சமர்த்துப் பிள்ளைகள். இதையே யாராவது இன்று முகநூலில் போட்டால், "கைபேசி இல்லாத காலத்தில் வாசிப்பு எப்படி இருந்தது பாருங்கள்" என்று எழுதுவார்கள், நாமும் இதயம் போடுவோம். பக்கத்து இலையைப் பார்க்காமல் இருப்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே மறைப்பு அந்தப் புத்தகம்.

"நல்ல படத்துக்கு விளக்கம் வேண்டாம், படமே பேசும்" என்று படக்கலை ஆட்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பேசாது ஐயா. சிக்குஹோ, சுரங்கம் மூடியது, சோறு இல்லை என்ற மூன்று செய்தியும் அந்தப் படத்துக்குள் இல்லை. யாராவது எழுதினால்தான் உண்டு. டோமோனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் அதைச் சுவரில் மாட்டுகிற பொருளாக விடவில்லை; மட்டமான முரட்டுத் தாளில் அச்சடித்து, 100 யென் விலையில் விற்றார். கையில் சுருட்டிப் பிடித்துப் படிக்கிற புத்தகம். பளபளப்புத் தாளில் போட்டிருந்தால் படங்கள் இன்னும் அழகாக இருந்திருக்கும். யார் வாங்கியிருப்பார்கள்?

அக்கா தங்கையின் தகப்பன் சீக்கிரமே இறந்துபோனார். அந்தச் செய்தியைச் சுமந்து அதே 1960இல் இரண்டாவது புத்தகம் வந்தது. இங்கேதான் எனக்குத் தயக்கம். அந்தச் சிறுமிகளின் முகம் நாடு முழுக்கப் போயிற்று. அவர்களை யாரும் கேட்டிருப்பார்களா? அந்தச் சின்ன வயதில் கேட்டால்தான் என்ன சொல்லத் தெரியும்? டோமோனை எவ்வளவு மதித்தாலும் இந்தக் கேள்வியை என்னால் விழுங்க முடியவில்லை. என் மணல்மேட்டுச் சிறுமியும் சேர்ந்து நினைவுக்கு வருவதால் இருக்கலாம்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஓடி ஓடிக் கைக்கேமராவில் எடுக்கும் உடல் போய்விட்டது. முக்காலியில் பெரிய கேமராவை நிறுத்தி, பழைய புத்தக் கோயில்களையும் சிலைகளையும் எடுத்தார். உலகம் அவரை அதிகம் கொண்டாடுவது அந்தப் படங்களுக்காகவும்தான். அவற்றுக்குப் படக்குறிப்பு இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

நேற்று நண்பரின் பதிவுக்குக் கீழே எழுதினேன்: "எடுத்தவர் டோமோன் கென், டோக்கியோ, 1955. இதையும் மேலே சேர்த்துவிடுங்கள்." அதற்கும் ஓர் இதயம் போட்டுவிட்டுப் போய்விட்டார். பதிவு அப்படியேதான் இருக்கிறது.