மெஷினுக்கு உப்பு வேணுமாம்!

கீழக்கரையில் பாத்திரம் கழுவுற மெஷின் வாங்கினது என் தப்புதான். மூணு நாளா ஆன் பண்ணினா 'உர்ர்'னு ஒரு சத்தம், அப்புறம் மௌனம். சொட்டுத் தண்ணி இறங்கல. சீலாமீன் குழம்புச் சட்டி உள்ளே காய்ஞ்சு நாறுது.

போன் போட்டா, "பைப்பைத் திறந்தீங்களா சார்?"னு கேட்கிறாங்க. திறக்காமலா தம்பி?

டியூப் மடங்கல. கதவு ஒழுங்கா மூடுது. உள்ளே இருக்கிற மிதவையையும் தட்டிப் பார்த்தாச்சு (அது மேலேயே சிக்கிக்கிட்டா, தண்ணி நிறைஞ்சிருச்சுன்னு மெஷின் ஏமாந்துடுமாம்). கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, பைப்பை மூடி, டியூபைக் கழற்றினேன். தண்ணி நுழையுற வாயில் விரல்நுனி அளவு ஒரு சல்லடை. சுண்ணாம்பு பூசின மாதிரி அடைச்சுக் கிடக்கு. எல்லாம் நம்ம போர்த் தண்ணி கைவரிசை!

வினிகர்ல ஊறவச்சு, பழைய பிரஷ்ல தேய்ச்சேன். தண்ணி வந்துச்சு, நூல் மாதிரி. பல மெஷினுக்குக் குறைஞ்சது 0.3 பார் அழுத்தம் வேணும். அதாவது டேங்க் தண்ணி மெஷினுக்குச் சுமார் 3 மீட்டர் மேல நிக்கணும். நம்ம டேங்க்கோ மொட்டைமாடித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு.

இதுல சிவப்பு விளக்கைப் போட்டு உப்பு வேற கேட்குது. கடினத் தண்ணியை மென்மையாக்கவாம். உப்பு! கீழக்கரையில!

சட்டியை நானே தேய்ச்சுக் கவுத்துட்டேன்.