65 வயது தாண்டினால் பரிசோதனை வேண்டாமா?

65 வயதானால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை யாருக்கும் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி விதிதான். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் 2018 பரிந்துரைப்படி, அதுவரை ஒழுங்காகப் பரிசோதித்து வந்த, கூடுதல் ஆபத்து இல்லாதவர்கள்தான் நிறுத்தலாம். அதாவது கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 3 பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை), அல்லது எச்பிவி (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனையும் பாப்பும் சேர்ந்த 2 பரிசோதனைகள் தொடர்ந்து இயல்பாக வந்திருக்க வேண்டும். கடைசியாகச் செய்தது 5 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவைகூடப் பரிசோதித்துக்கொள்ளாத அம்மாக்கள் ‘யாருக்கும் தேவையில்லை’ என்பதை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

பணிக்குழுவின் இணையதளத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோர் பற்றிய வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள், நிபந்தனை அதிலேயே இருக்கிறது. அப்புறம் பழைய ரிப்போர்ட்டுகளின் தேதிகளைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.